தப்பில்லாத வாசிப்பும் நல்ல வாசிப்பும்: ஒரு பியானோ போட்டியில் பார்வையாளனாக

வடக்குப்பட்டிலிருந்து ஒருத்தன் பியானோ போட்டி பார்க்கக் கிளம்பினான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். எங்கள் ஊர்ப்பெயர் வெளியே கொஞ்சம் தெரியவந்ததே 2022-ல் தொல்லியல் துறை இங்கே குழிவெட்டிக் கற்கருவிகளை எடுத்தபோதுதான். மற்றபடி இது ஒரகடத்துக் கம்பெனி பஸ்கள் வந்து ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஊர். நானும் அப்படி ஏறிப்போகிற ஆள்தான். ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. இசை விமர்சனம் எழுதத் தகுதி உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனால் அளந்து பார்த்து "பாஸ்", "ரிஜெக்ட்" சொல்வதில் பதினோரு வருஷ அனுபவம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த அனுபவத்திலிருந்து வருகிறது.

போனதற்குக் காரணம் ஒரு அண்ணன். எங்கள் கம்பெனியில் டை மெயின்டனன்ஸ் பிட்டர். வயது நாற்பத்தேழு. சின்ன வயதில் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தவர், பிறகு அறுபத்தொரு கட்டை கீபோர்டு ஒன்று வாங்கி, யூடியூப் பார்த்தும் நோட்டேஷன் படித்தும் தானாகவே மேற்கத்திய இசை கற்றுக்கொண்டவர். சென்னையில் அமெச்சூர்களுக்கு ஒரு போட்டி, பெரியவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டார். "தம்பி, கூட வா. தனியாப் போனா கை நடுங்கும்" என்றார். ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ் ஏறி, படப்பை வழியாகத் தாம்பரம், அங்கிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் எழும்பூர். வழி முழுக்க அவர் விரல்கள் தொடைமேல் வாசித்துக்கொண்டே வந்தன.

அமெச்சூர் என்ற சொல்லை நாம் "அரைகுறை" என்ற அர்த்தத்தில்தான் பெரும்பாலும் சொல்கிறோம். அதன் வேர் லத்தீனில் நேசிப்பதைக் குறிக்கும் சொல். பிழைப்புக்காக இல்லாமல் பிரியத்துக்காகச் செய்கிறவர் என்று பொருள். இப்படிப்பட்டவர்களுக்கென்றே பெரிய போட்டிகள் இருக்கின்றன. பாரிஸில் ழெரார் பெக்கர்மான் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1989-ல் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் போர்ட் வொர்த் நகரில் வான் கிளைபர்ன் அமைப்பு 1999-ல் இன்னொன்றைத் தொடங்கியது. அதில் சேர முப்பத்தைந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும், பியானோ உங்கள் பிழைப்பாக இருக்கக் கூடாது. 2007-ல் அங்கே முதல் பரிசு வாங்கிய ட்ரூ மேய்ஸ் கண் மருத்துவர். 2011-ல் கிறிஸ்டோபர் ஷீ, குடல்நோய் மருத்துவர். 2016-ல் தாமஸ் யூ, பல் மருத்துவர். எல்லாம் டாக்டர்கள்! பிட்டர் யாராவது ஜெயித்திருக்கிறாரா என்று அண்ணன் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

சரி, போட்டிக்கு வருவோம்.

காலையிலிருந்து மதியம் மூன்று மணிவரை குழந்தைகள். சென்னையில் பியானோ கற்பது பெரும்பாலும் கிரேடு பரீட்சை வழியாக நடக்கிறது. ஒன்று முதல் எட்டுவரை படிகள், ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட உருப்படிகள். அதனால் மேடையில் வந்ததில் பாதி, பரீட்சைக்குத் தயாரித்த உருப்படிகளேதான். நடுவர்கள் மூன்று பேர், கையில் மார்க் ஷீட். தாளம், சுரச்சுத்தம், பாவம், மேடை நடத்தை என்று கட்டங்கள் போட்டிருந்ததை முன்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

பாஹ் எழுதிய சி மேஜர் பிரிலூடை மட்டும் மூன்று குழந்தைகள் வாசித்தார்கள். வீட்டில் கேட்டுப்பாருங்கள்: ஏறக்குறைய ஒவ்வொரு பாரிலும் எட்டுச் சுரம் கொண்ட ஒரே அமைப்பு இரண்டு தடவை வரும். இரண்டாவது தடவை முதலாவதின் ஜெராக்ஸாக இருந்தால் உருப்படி செத்துப்போகும். கொஞ்சம் மெலிசாகவோ, கொஞ்சம் சாய்ந்தோ வர வேண்டும். மூன்று பேரில் ஒரு பெண்குழந்தை மட்டும்தான் அதைச் செய்தாள். ஒன்பது வயதிருக்கும், பெடலுக்குக் கால் சரியாக எட்டவில்லை. அவளுக்குப் பரிசு இல்லை. ஒரு இடத்தில் விரல் வழுக்கி ஒரு சுரம் விட்டுப்போனது, காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மொஸார்ட்டின் டர்க்கிஷ் மார்ச்சை ஒரு பையன் காற்றாக வாசித்தான். ஒரு பிசிறு இல்லை. அரங்கம் எழுந்து கைதட்டியது. லிடியன் நாதஸ்வரம் 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜெயித்தபிறகு நம்ம ஊரில் வேகத்துக்கு ஒரு தனி மவுசு வந்துவிட்டது. லிடியனிடம் வேகத்தைத் தவிரவும் நிறைய இருக்கிறது, ஆனால் பார்த்தவர்கள் மனதில் தங்கியது வேகம்தான். பையன் வாசித்து முடித்ததும் என் நோட்டில் எழுதினேன்: "மெஷின். முதல் பரிசு இவனுக்குத்தான்." இரண்டாவது வரி பலித்தது. முதல் வரிக்குப் பின்னால் வருகிறேன்.

பெரியவர்கள் பிரிவில் மொத்தம் ஐந்தே பேர். அரங்கில் பாதிக் கூட்டம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தது. அண்ணன் நான்காவது. ஷூமன் 1838-ல் எழுதிய "குழந்தைப் பருவக் காட்சிகள்" தொகுப்பில் உள்ள "ட்ராய்மெரை" அவர் எடுத்துக்கொண்ட உருப்படி. ஹோரோவிட்ஸ் அறுபது வருஷத்துக்குப் பிறகு ரஷ்யா திரும்பி 1986-ல் மாஸ்கோவில் வாசித்தாரே, அதேதான். பார்க்க எளிது. கீழிருந்து ஒரு வரி மேலே ஏறும், நின்று, மெல்ல இறங்கும். அதே ஏற்றம் திரும்பத் திரும்ப வரும், ஆனால் உச்சியில் காத்திருக்கிற கார்ட் மாறும். கடைசித் தடவை உச்சியில் வருகிற கார்டுக்காகத்தான் முந்தைய ஏற்றங்களெல்லாம்.

கிராண்ட் பியானோவை அவர் தொட்டதே அன்றைக்குத்தான். முதல் இரண்டு வரி கவனமாகப் போனது. நடுவில் ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. முழுசாக நின்றுவிட்டது. கைகளை மடியில் வைத்தார். ஒரு ஐந்து விநாடி இருக்கும், எனக்கு அது ஒரு ஷிப்ட் மாதிரி நீண்டது. பிறகு இரண்டு பார் பின்னால் போய் அங்கிருந்து எடுத்தார். முடித்தார். நோட்டில் எழுதினேன்: "நின்றதற்குப் பிறகு வந்ததுதான் இன்றைக்கு முழுநாளில் உண்மையான இசை."

பரிசு மூன்று பேருக்கு. அண்ணன் பெயர் இல்லை. மார்க் ஷீட்டைத் தருவார்களா என்று கேட்டோம், அப்படி வழக்கமில்லை என்றார்கள். திரும்பும் வழியில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வேலையில் கோ, நோ-கோ கேஜ் என்று ஒன்று உண்டு. துளைக்குள் ஒரு முனை போக வேண்டும், இன்னொரு முனை போகக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. துளை அழகா, அது எதற்காக இருக்கிறது என்றெல்லாம் கேஜுக்குத் தெரியாது. நடுவர்கள் இசையை இப்படித்தான் அளக்கிறார்கள், தப்புகளை எண்ணுகிறார்கள், ஏனென்றால் எண்ண முடிவது அது ஒன்றுதான். இப்படி ஒரு கட்டுரையை மனசுக்குள் எழுதியே முடித்துவிட்டேன். 1980-ல் வார்சா ஷோபான் போட்டியில் இவோ போகோரெலிச் இறுதிச்சுற்றுக்குப் போகாமல் வெளியேற்றப்பட்டதும், அதை எதிர்த்து மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவை விட்டே விலகியதும் உதாரணமாகக் கையில் தயாராக இருந்தது.

கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்ததில் கட்டுரை உடைந்தது.

முதலாவது, அதே 1980 போட்டியில் ஜெயித்தவர் வியட்நாமைச் சேர்ந்த டாங் தாய் சோன். அந்தப் போட்டியில் முதல் பரிசு பெற்ற முதல் ஆசியர், இன்றைக்கும் மதிக்கப்படுகிற கலைஞர். ஒருவருக்கு அநியாயம் நடந்தது என்பதாலேயே ஜெயித்தவர் மட்டம் என்று ஆகிவிடாது. நான் டர்க்கிஷ் மார்ச் பையனுக்குச் செய்தது அதுதான்.

இரண்டாவது, பெல்ஜியத்தின் குயின் எலிசபெத் போட்டி முடிவுகளை ப்ளோரஸ், கின்ஸ்பர்க் என்ற இருவர் 1996-ல் ஆராய்ந்தார்கள். அங்கே இறுதிச்சுற்றில் பன்னிரண்டு பேர், மாலைக்கு இருவராக ஆறு நாள் வாசிப்பார்கள், வரிசை சீட்டுக் குலுக்கி. குலுக்கல் என்பதால் வரிசைக்கும் பரிசுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. ஆனால் முதல் நாள் வாசித்தவர்கள் தொடர்ந்து பின்தங்கியிருந்தார்கள். நடுவர்கள் வேண்டுமென்றே செய்வதில்லை, மனித மூளையின் அளவுகோல் அப்படி நகர்கிறது. தரப் பரிசோதனையில் இதற்கு ஒரு வழி உண்டு. அளவீட்டையே முதலில் அளப்போம்: ஒரே பாகத்தை வெவ்வேறு ஆட்களிடம், வெவ்வேறு நேரத்தில் கொடுத்து விடை மாறுகிறதா என்று பார்ப்போம். இசைப் போட்டியில் அதைச் செய்கிறவர் யார்?

மூன்றாவதுதான் என்னை நேராகத் தாக்கியது. சியா-ஜுங் ட்சே என்ற ஆய்வாளர், தானே பியானோ கலைஞரும்கூட, 2013-ல் வெளியிட்ட ஆய்வு. சர்வதேசப் போட்டிகளின் முதல் மூன்று இடக்காரர்களுடைய துண்டுக் காட்சிகளைக் காட்டி, ஜெயித்தவர் யார் என்று கேட்டார். சத்தம் மட்டும் கேட்டவர்களால் குருட்டாம்போக்கை விட நன்றாகச் சொல்ல முடியவில்லை. சத்தமே இல்லாத வீடியோ பார்த்தவர்கள் அதைவிட நன்றாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்காரர்களுக்கும் இதே கதிதான். இவர்களில் பெரும்பாலோர் சத்தம்தான் முக்கியம் என்று நம்புகிறவர்கள்.

அப்படியானால் எழும்பூரில் நான் கேட்டது என்ன? மடியில் வைத்த அந்தக் கைகளைப் பார்த்தேன். அந்தக் கைகளில் ஆயில் கறை எந்த விரலில் போகாது என்பதுகூட எனக்குத் தெரியும். நடுவர்களிடம் மார்க் ஷீட் இருந்தது என்றால் என்னிடம் பாசம் இருந்தது. இரண்டும் காது இல்லை.

நல்லவேளை, நாள் முழுக்கப் போனில் ஆடியோ மட்டும் பதிந்திருந்தேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டேன். இரண்டு தீர்ப்புகள் மாறின. டர்க்கிஷ் மார்ச் பையன் மெஷின் இல்லை. வலது கையின் வேகத்துக்குக் கீழே இடது கை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வேறு எடையில் விழுகிறது, அது யோசித்துச் செய்தது. அரங்கத்தில் அவன் நிமிர்ந்து விறைப்பாக உட்கார்ந்திருந்ததைத்தான் நான் "மெஷின்" என்று எழுதியிருக்கிறேன். அண்ணன் வாசிப்பில் நின்றதற்குப் பிந்திய பகுதி, நான் நினைத்த அளவு அற்புதம் இல்லை. கொஞ்சம் சத்தம் கூடிவிட்டது, பதற்றம் தெரிகிறது. நிற்பதற்கு முந்தைய பகுதிதான் உண்மையில் நன்றாக இருக்கிறது. ஆனால் கடைசி ஏற்றத்தின் உச்சியில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் மட்டும் கண்ணை மூடினாலும் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு கார்டை அவர் அவசரப்படுத்தவில்லை. ஒன்பது வயதுக் குழந்தையின் பாஹும் தேறியது. விட்டுப்போன சுரத்தை இரண்டாவது முறை கேட்டபோது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆக, போட்டியின் முடிவு தப்பா? பெரும்பாலும் இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. நின்றுபோன வாசிப்புக்கு மூன்றாம் பரிசு கொடுத்திருந்தால் மற்ற இருவருக்கு அநியாயம். என் புகார் வேறு: அந்த மார்க் ஷீட் வாசித்தவர் கைக்கு வரவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு பாகத்தை ரிஜெக்ட் செய்தால் எங்கே, எத்தனை மைக்ரான் என்று எழுதி லைனுக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். காரணம் எழுதாத ரிஜெக்ட்டை சூப்பர்வைசர் ஏற்கமாட்டார். பிழைப்புக்காக வாசிக்காத ஒருவருக்குக் கோப்பையால் என்ன லாபம்? அவர் லீவு போட்டு, பஸ் ஏறி வருவது, தெரிந்த ஒருவர் காது கொடுத்துக் கேட்டு இரண்டு வரி சொல்லமாட்டாரா என்றுதான். அடுத்த முறை நடத்துகிறவர்கள் பரிசைக்கூட விட்டுவிடலாம், அந்த இரண்டு வரியை விட வேண்டாம்.

ஆடியோவை அண்ணனுக்கு அனுப்புவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு அனுப்பினேன், நான் எழுதியதையும் சேர்த்து. கேன்டீனில் பார்த்தபோது சொன்னார்: "நீ எழுதினதெல்லாம் சரிதான் தம்பி. ஆனா முக்கியமானதை விட்டுட்ட. பெடலைக் கேட்டியா? சுரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலங்கிக் கெடக்குது. வீட்டுல இருக்குறது சுவிட்ச் மாதிரி, ஆன், இல்லைன்னா ஆஃப். அங்க பாதி அமுக்குனா பாதி பிடிக்குது. அது தெரியாமப் போச்சு. அந்தக் கலக்கத்துலதான் கை நின்னுச்சு."

திரும்பவும் கேட்டேன். நிற்பதற்கு இரண்டு பார் முன்னாலிருந்தே கலங்கல் தொடங்குகிறது. நான் ஏழெட்டு முறை கேட்டும் பிடிபடாதது.

தாம்பரம் பக்கம் மணிக்கணக்கில் பியானோ வாடகைக்குத் தருகிற இடம் ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி.