போர்க் கணினி விளையாட்டுகளில் நாயகரும் வரலாற்று மெய்ம்மையும்: ‘பேட்டில்ஃபீல்டு 5’ குறித்து ஒரு மதிப்பீடு

2018 மே மாதம் ‘பேட்டில்ஃபீல்டு 5’ விளையாட்டின் முன்னோட்டம் வெளியானபோது, அதில் செயற்கைக் கையுடன் போரிட்ட பெண்ணொருத்தி பெரும் பூசலுக்குக் காரணமானாள். இரண்டாம் உலகப் போரில் பெண்கள் போரிடவில்லை என்றனர் எதிர்த்தோர். விளையாட்டு அனைவர்க்கும் உரியது என்றனர் ஆதரித்தோர். இரு சாராரும் நாயகரின் உடலை நோக்கினரேயன்றி, அவர்மீது ஏற்றப்பெற்ற நிகழ்வை நோக்கவில்லை. சுவீடனின் டைஸ் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டின் இரு கதைப்பகுதிகளை ஒப்பிட்டு, வரலாற்றுப் பிழை எங்கே நேர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எதிர்த்தோரின் கூற்று நிலைபெறாது. சோவியத் படைகளில் ஏறத்தாழ 8,00,000 பெண்கள் பணியாற்றினர். மறைந்திருந்து சுடுவதில் தேர்ந்த லுட்மிலா பவ்லிசென்கோ 309 பகைவரை வீழ்த்தியதாகப் பதிவு உண்டு. ஆயினும் பெண் வீரரை முன்னிறுத்திய இவ்விளையாட்டில் சோவியத் போர்முனை இடம்பெறவே இல்லை.

அதற்கு மாறாகத் தெரிவு செய்யப்பெற்ற களம் நார்வே. 1943 பிப்ரவரி இறுதியில், செர்மானியரின் அணு ஆய்வுக்குப் பயன்படவிருந்த கனநீரை உற்பத்தி செய்த வெமோர்க் ஆலைக்குள், பிரித்தானியாவில் பயிற்சி பெற்ற நார்வே வீரர்கள் புகுந்தனர். யோக்கிம் ரொன்னெபெர்க் தலைமையில் உறைபனி மூடிய பள்ளத்தாக்கைக் கடந்து, மின்பகுப்புக் கலங்களை வெடிவைத்துத் தகர்த்து, ஒரு குண்டும் சுடாமல், ஓர் உயிரும் இழக்காமல் மீண்டனர். ‘நோர்ட்லிஸ்’ என்னும் கதைப்பகுதியில் இப்பணி, தாயை மீட்கச் செல்லும் சோல்வெய்க் என்ற கற்பனைப் பெண்ணின் தனிச்செயலாகிறது. எறிகத்தியும் துப்பாக்கியுமாக அவள் காவலரை வீழ்த்திச் செல்கிறாள். நாயகி பெண்ணாக இருப்பது இங்குக் குறையன்று. ஓசையின்றி, கூட்டாக, பொறுமையால் முடிந்த ஒரு செயல் தனியொருவரின் ஆரவாரமாக மாறியதே குறை. ஆண் நாயகனை வைத்திருந்தாலும் இப்பிழை அவ்வாறே நின்றிருக்கும். ஆனால் அப்போது எவரும் வினவியிருக்க மாட்டார் என்பது என் ஐயம். விளையாட்டு வெளிவருவதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முன்னர், 2018 அக்டோபரில், ரொன்னெபெர்க் 99ஆம் அகவையில் மறைந்தார்.

‘திரையோர்’ பகுதி இதனினும் மேம்பட்டது. 1944இல் தென்பிரான்சு மீட்புப் போரில் ஈடுபட்ட செனகல் படையினரை அது காட்டுகிறது. தெமே சிஸ்ஸே என்னும் நாயகன் கற்பனையே. ஆயினும் அவன் எவருடைய செயலையும் பறிக்கவில்லை. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பிரெஞ்சுப் படையிலிருந்து ஆப்பிரிக்க வீரர்கள் விலக்கப்பெற்று, அவர்கள் இடத்தில் வெள்ளையர் அமர்த்தப்பெற்றனர். அப்புறக்கணிப்பையும் கதையின் முடிவு தொட்டுச் செல்கிறது. முன்னையது மாற்றீடு, பின்னையது மீட்பு.

பலர் இணைந்தாடும் பகுதியில் செர்மானியப் படையின் சார்பிலும் பெண் வீரராக ஆடலாம்; சுவத்திகச் சின்னமோ காணப்படுவதில்லை. பூசலிட்டோர் உண்மையில் கவலைகொண்டிருக்க வேண்டிய இடம் இதுவே. எவர் போரிடலாம், எவர் வாழலாம் என்பதையே கொள்கையாக்கிய ஓர் அரசின் படை, இங்கு மற்றொரு சீருடையாக மட்டும் எஞ்சுகிறது.

இவ்வளவுகோல் தமிழருக்கும் பொருந்தும். 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் உருவான ஜான்சிராணிப் படையில், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தனர். இந்திய மண்ணைக் கண்டிராதவரும் அவர்களுள் உண்டு. அவர்கள் துப்பாக்கிப் பயிற்சி பெற்றுப் பர்மா வரை சென்றனர். இம்பால் முற்றுகை தோல்வியுற்றதால் முன்னணித் தாக்குதலில் இறங்கும் வாய்ப்பின்றி, குண்டுவீச்சுக்கிடையே நெடுந்தொலைவு நடந்தே பின்வாங்கினர். நாளை ஒரு விளையாட்டு அவர்களை இம்பால் அரண்களைத் தகர்க்கும் வீராங்கனைகளாகக் காட்டுமாயின் நாம் மகிழ்ந்து கைதட்டக்கூடும். அந்நடைப்பயணமோ அவ்விளையாட்டில் இடம்பெறாது போகும்.