முகக்குறிப்பு கேட்காத ஆறு

அடக்கி வாசிக்க எனக்கு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆஸ்பெர்கர் உள்ள பதின்வயதுப் பிள்ளை இருக்கிறதா? கோடை விடுமுறையில் அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, கீபோர்டு வகுப்பு என்று நாற்காலி நாற்காலியாக உட்கார வைக்காதீர்கள். நுரைத்துப் பாய்கிற ஆற்றில் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடம் தேடுங்கள். எவ்வளவு தூரமானாலும் போங்கள். நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து ரிஷிகேஷ் வரை போனோம். இன்னொரு முறை போகச் சொன்னால் இன்று ராத்திரியே ரயில் ஏறுவேன்.

பையன் என் அக்கா மகன், பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்தான். நெல்லையிலேயே பிறந்து வளர்ந்தும் நெல்லைப் பேச்சு அவன் நாக்கில் ஒட்டவில்லை. வானொலியில் செய்தி வாசிப்பவர் தமிழ்தான் பேசுவான். காலையில் பேப்பர் வந்ததும் அணைகளின் நீர்மட்டம் போட்டிருக்கும் மூலைக்குத்தான் முதலில் போவான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று முழு அளவும் இன்றைய அளவும் அவனிடம் எப்போதும் தயார். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை வரிசை பிசகாமல் சொல்வான். ஆனால் வகுப்பில் ஒருவன் கிண்டல் செய்கிறானா, நிஜமாகவே கேட்கிறானா என்பது மட்டும் தெரியாது. "என் மூஞ்சியப் பாத்தா தெரியலயால ஒனக்கு?" என்று அவன் தாத்தா கத்துவார். "தெரியவில்லை தாத்தா" என்பான். அது உண்மை.

லோர்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1981இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் ஆஸ்பெர்கர். 2013இல் அமெரிக்க மனநலக் கையேடு அதைத் தனிப் பெயராக வைக்காமல் ஆட்டிசம் என்ற பெரிய குடைக்குள் சேர்த்துவிட்டது. நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசம் என்றே பட்டியலிடுகிறது. என் மருமகன் இதை ஏற்கவில்லை. பெயரை மாற்றுவதென்றால் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

ஏன் ரிஷிகேஷ்? கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரியில் சாலிப்புழையும் இருவஞ்சிப்புழையும் கயாக்குக்குப் பேர்போனவை. மலபார் ரிவர் பெஸ்டிவலுக்கு உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அந்த ஆறுகள் பொங்குவது தென்மேற்குப் பருவமழையில், பள்ளிக்கூடம் திறந்த பிறகு. மே மாதத்தில் தண்ணீர் வேண்டுமென்றால் பனி உருகி வரும் கங்கைதான் கதி. அக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் இமயமலையைவிடப் பெரிதாக இருந்தது. "ஏலே, வீட்டு வாசல்ல ஓடுத ஆத்துலயே பிள்ளைய எறக்க மாட்டேன். நீ கங்கையில கொண்டு தள்ளணும்ங்க?" என்றாள். அவள் பயத்தில் நியாயம் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்கும்; மூழ்கிப்போகும் ஆபத்தும் மற்ற பிள்ளைகளைவிட அவர்களுக்கு அதிகம். அதனால்தான் முறையாகக் கற்க வேண்டும் என்றேன். முதலில் நீச்சல், அதை முடித்த பிறகு திருக்குறள் எக்ஸ்பிரஸ்.

ரிஷிகேஷுக்கு மேலே சிவபுரியில் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளி. பயிற்றுநர் கடுவாலி இளைஞர். அவருக்குத் தமிழ் தெரியாது, மருமகனுக்கு இந்தி தெரியாது, இருவருக்குமான ஆங்கிலம் அரையும் குறையும். முன்னாலேயே ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன்: சொல்லாமல் தொடாதீர்கள், அடுத்து என்ன என்பதை முன்பே சொல்லுங்கள், சொன்னதை மாற்றாதீர்கள். அவர் படித்துவிட்டு, ஆற்றில் எல்லோருக்கும் இதுதானே சட்டம் என்றார். அந்த இடத்திலேயே பாதி நிம்மதி வந்துவிட்டது எனக்கு.

இப்போது படகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுற்றுலாவுக்கு ஏறி உட்காரும் படகு மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த கயாக்கில் ஆள் உட்காருவதில்லை, அதைப் போட்டுக்கொள்கிறான். இடுப்புக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் தாங்கி, தொடைக்கு மேலே பிடிமானம், காலுக்குக் கீழே முட்டு, முதுகுக்குப் பட்டை. அதன் மேல் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி இறுக மூடும் ஒரு ரப்பர் பாவாடை. எனக்கு மூச்சு முட்டியது. மருமகனோ உள்ளே நுழைந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, "இது சரியாக இருக்கிறது மாமா" என்றான். டெம்பிள் கிராண்டின் கதை உடனே ஞாபகம் வந்தது. ஆட்டிசம் உள்ள அந்த அமெரிக்கப் பெண் இளம் வயதில் அத்தையின் பண்ணைக்குப் போனபோது, தடுப்பூசி போட மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். அதற்குள் போனால் மாடு அமைதியாவதைக் கண்டு தனக்கென்று ஒரு அணைப்பு இயந்திரமே செய்துகொண்டார். ஆள் வந்து கட்டிப்பிடித்தால் பிடிக்காது, ஆனால் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் பிடி வேண்டும். அதைத்தான் அந்த பிளாஸ்டிக் படகு என் மருமகனுக்குக் கொடுத்தது.

முதல் பாடமே தலைகீழாகக் கவிழ்வதுதான். கவிழ்ந்த பின் முன்னால் குனிய வேண்டும். இரண்டு கையாலும் படகின் அடியை மூன்று முறை தட்ட வேண்டும். ரப்பர் பாவாடையின் முன் வளையத்தை இழுக்க வேண்டும். தொடையைத் தளர்த்தி வெளியே வர வேண்டும். சொல்லும்போது சுலபம். தலைகீழாக, மூக்கில் பனித்தண்ணீர் ஏறும்போது வரிசையாவது ஒன்றாவது! கூட வந்த பிள்ளைகள் உதைத்துக்கொண்டு எப்படியோ பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நானும் அப்படித்தான். எங்களில் மூன்று முறை எண்ணித் தட்டியவன் என் மருமகன் ஒருவன்தான். வெளியே வந்தவன் முகத்தைத் துடைக்கவில்லை, படிகள் நான்கும் சரியா என்று கேட்டான். பயிற்றுநர் கைதட்டினார். நான் கரையில் நின்று, வெட்கத்தை விட்டு, விசிலடித்தேன். உடனே கண்டிக்கப்பட்டேன்: ஆற்றில் ஒரு விசில் என்றால் 'என்னைக் கவனி', மூன்று என்றால் ஆபத்து, சந்தோஷத்துக்கு விசில் கிடையாது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பாய்கிற ஆற்றின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் கயாக்காரர்கள் எல்லாவற்றையும் சைகையாக்கி வைத்திருக்கிறார்கள். துடுப்பை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் 'வரலாம்'. தலைக்கு மேல் படுக்கையாகப் பிடித்தால் 'நில்'. ஹெல்மெட்டைத் தட்டினால் 'நான் நலம்'. ஒரு சைகைக்கு ஒரே பொருள். குரலில் கிண்டலோ, கண்ணில் மறைபொருளோ, சிரிப்பில் கோபமோ எதுவும் ஒளிந்திருக்காது. காதுகேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் நூறாண்டுக்கு மேலாக நடக்கிற ஊர் எங்கள் பாளை. பஸ்ஸில் கையால் பேசிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவன்தான் அவனும். அந்த ஒழுங்கு அவனுக்கும் உரியது என்பது கங்கைக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சைகைச் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. விரல் நீட்டினால் போக வேண்டிய பக்கத்தை மட்டும்தான் காட்ட வேண்டும். பாறையை ஒருபோதும் காட்டக் கூடாது. காட்டினால் பின்னால் வருகிறவன் பாறைக்கே போய்விடுவான். பதினைந்து வருடமாக இந்தப் பிள்ளைக்குப் பாறைகளை மட்டுமே காட்டிக்கொண்டிருந்த எத்தனை விரல்கள் என் கண்முன் வந்தன தெரியுமா?

தண்ணீரும் அப்படியே, சொல்வதையே செய்யும். விரிந்த வாய் உன் பக்கமும் கூர்முனை கீழ்நோக்கியும் ஒரு நாக்கு தெரிந்தால் அதுதான் வழி. கூர்முனை உன்னைப் பார்த்திருந்தால் அங்கே பாறை. பெரிய பாறைக்குப் பின்னால் நீர் மேல்நோக்கித் திரும்பி ஓரமாக அடங்கும், எடி என்கிறார்கள். கூச்சலோ குளிரோ தாங்க முடியாமல் போனால் அதற்குள் படகைத் திருப்பி எவ்வளவு நேரமும் இருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை, மற்றவர்கள் அடுத்த எடியில் காத்திருப்பார்கள். கல்யாண மண்டபங்களில் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சிவபுரியிலிருந்து கீழே வரும் பாய்ச்சல்களுக்கு ரிட்டர்ன் டு செண்டர், ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ் என்றெல்லாம் பெயர். வந்த அன்றே மனப்பாடம் செய்துவிட்டான். கோல்ஃப் கோர்ஸில் மட்டும் தகராறு. குழிகள் அதிகம் என்பதால் அந்தப் பெயராம். "அங்கே கோல்ஃப் விளையாட முடியாது. பெயர் தவறு" என்றான், பயிற்றுநரிடமே, தமிழில். பெரியவர்கள் ராஃப்ட்டில் போகிற அந்த இடங்களைக் கரையிலிருந்து பார்த்தோம். புதியவர்களின் தண்ணீர் அதற்கு மேலே, அடக்கமான பகுதி. அங்கே ஒரு நாள் அவனை முதல் படகாக அனுப்பினார் பயிற்றுநர். பாய்ச்சலைத் தாண்டிக் கீழே போய்த் திரும்பி நின்று, நீரைப் பார்த்து, அவசரமே இல்லாமல் துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கினான். மேலே வரிசையாக நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தத் துடுப்புக்காகக் காத்திருந்தார்கள். வகுப்பில் யாருமே பேச்சுக்குச் சேர்க்காத பையன் சரி என்று சொன்ன பிறகுதான் ஆறு திறந்தது! நான் அழுதேன்.

"அப்போ பிள்ளைக்குச் சரியாயிட்டா?" என்று ஊரில் கேட்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. இது வைத்தியம் இல்லை. வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் காதைப் பொத்திக்கொள்கிறான். மும்பையைச் சேர்ந்த ஜியா ராய்க்கும் ஆட்டிசம் உண்டு. 2022 மார்ச் 20 அன்று, தன் 13ஆம் வயதில், தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தாள். நம் கடலில்தான் இது நடந்தது. அவளை யாரும் சரிசெய்து கடலுக்கு அனுப்பவில்லை, நீந்தத்தான் கற்றுக்கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் இஸி பாஸ்கோவிட்ஸ் என்ற அலைச்சறுக்கு வீரர், ஆட்டிசம் உள்ள தன் மகன் அலைப்பலகையில் அமைதியாவதைக் கண்டு, மற்றப் பிள்ளைகளையும் அலையில் ஏற்றிவிட ஓர் அமைப்பே தொடங்கினார்.

ஊர் திரும்பியதும் பாபநாசத்துக்குப் போனோம். தாமிரபரணியை அவன் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறான். அங்குள்ள தலையணை என்ற அணைக்கட்டுக்குக் கீழே நின்று, அணைக்கட்டுகளை நெருங்கவே கூடாது என்று எனக்கு வகுப்பெடுத்தான். கரைக்குக் கரை நேராக விழுகிற தண்ணீர் அடியில் சுருண்டு திரும்பி, விழுந்தவனை மறுபடி மறுபடி உள்ளே இழுக்கும். எடியும் கிடையாது, நாக்கும் கிடையாது. வருடாவருடம் ஆற்றில் இளந்தாரிகளை இழந்துகொண்டிருக்கும் இந்த ஊரில் அந்தப் பாடம் ஒன்றுக்காகவே இப்படியொரு பள்ளி வேண்டும். அணைக்கு மேலே புலிகள் காப்பகம், காரையாறு நீர்த்தேக்கத்தில் முதலை. அந்தப் பக்கம் பேச்சே வேண்டாம். ஆனால் மலையிறங்கி, அணைக்கட்டுகளுக்கு நடுவே பாறைகளில் நெளிந்து ஓடும் தண்ணீர் இருக்கிறதே! மகாராஷ்டிரத்தின் குண்டலிகாவில் பீரா மின்நிலையம் காலையில் விடும் நீரை நம்பித்தான் படகுத் தொழிலே நடக்கிறது. 1944 முதல் மின்சாரம் எடுக்கும் பாபநாசத்திலும், கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் நீர் திறக்கும்போது, புதியவர்களுக்கு ஒரு வாரம் வகுப்பு நடத்தினால் என்ன? பிள்ளைகளை வடக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லையே.

இதையே மருமகன் மனுவாக எழுதி வைத்திருக்கிறான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறானாம். நீர்மட்டம், நேரம், ஹெல்மெட் தரம், சைகைப் பட்டியல் எல்லாம் கனகச்சிதம். ஒன்பதாவது நிபந்தனையை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்: "பயிற்சி நேரத்தில் கரையில் நிற்கும் தாய்மாமன்கள் விசிலடிக்கக் கூடாது."