26 என்ற எண்ணின் குரல்

மாத்தி தியோப் இயக்கிய 'தஹோமே' (2024) ஆவணப்படத்தில் மன்னர் கெசோவின் மரச்சிலை ஃபோன் மொழியில் பேசுகிறது. 1892இல் பிரெஞ்சுப் படை அபோமே அரண்மனையில் கொள்ளையிட்டவற்றில் 26 பொருட்கள் 2021இல் பாரிஸிலிருந்து பெனின் திரும்பின. தன்னை வெறும் 26 என்று குறித்துவிட்டார்களே என்று சிலை குமுறுகிறது. தரவுத்தளங்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கு அது உறுத்தியது.

ஆனாலும் சிலையின் தனிமொழி சில இடங்களில் அலங்காரமாகிவிடுகிறது. படத்தின் உயிர் அபோமே-காலாவி பல்கலைக்கழக மாணவர்களின் விவாதத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் போனவற்றுக்கு 26 ஈடாகுமா என்று கொதிக்கிறார்கள்; பெரும்பாலும் பிரெஞ்சில். அந்த இழப்பை அவர்களே உணர்ந்து பேசுவதைப் படம் மறைக்கவில்லை. பொருளை விமானத்தில் ஏற்றி அனுப்பலாம். மொழியை எப்படி அனுப்புவது?

இதை என் மகளுக்கு ஆங்கிலத்தில்தான் விளக்கினேன்.