அளவை மறைக்கும் எண்

கொருக்குப்பேட்டையில் ஒருவருக்குக் குடல்வால் அறுவை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூச்சுக்குழலில் குழாய் செருகுவதற்காக, தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்து ஊசி வழியே செலுத்தப்படுகிறது. தசைகள் தளர்கின்றன, மூச்சும் நிற்கிறது. ஆயினும் அச்சமில்லை. இரத்தத்தில் உள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அம்மருந்தை விரைவில் சிதைத்துவிடும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும்.

அந்த நொதி பிறவியிலேயே பழுதுபட்டவருக்கு? மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது. செயற்கைச் சுவாசம் தந்து காத்திருந்தால்தான் உயிர் தங்கும். இவர்களை முன்னரே கண்டறிய முடியாதா?

முடியும் என்றனர் வெர்னர் காலோவும் ஜெனெஸ்டும். 1957இல் அவர்கள் வகுத்த முறையே 'டிபுகெய்ன் எண்'. டிபுகெய்ன் ஒரு மரப்பு மருந்து. அது இந்நொதியின் வேலையைத் தடுக்கும். எத்தனை விழுக்காடு தடுக்கிறது என்பதே அந்த எண். இயல்பான நொதியானால் சுமார் 80. பழுதான வகையானால் சுமார் 20. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதைப் பெற்றவருக்குச் சுமார் 60.

இம்முறையின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஈரல் நோய், சத்துக்குறைவு, பூச்சிமருந்து நஞ்சு ஆகியவற்றாலும் நொதியின் அளவு குறையும். அளவு குறைந்தாலும் நொதியின் குணம் மாறாது, எண்ணும் மாறாது. எனவே நோயையும் மரபையும் பிரித்துக் காட்ட எண் உதவுகிறது.

ஆனால் அதன் வலிமையே அதன் குறையும் ஆகும். அது ஒரு விகிதம். அசலைச் சொல்லாமல் வட்டி விகிதத்தை மட்டும் சொன்னால் கடன் எவ்வளவு என்று தெரியுமா? நொதியே வேலை செய்யாத 'மௌன வகை' ஒன்றும் உண்டு. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவரிடம் தடுப்பதற்கு எதுவும் இல்லை, எண்ணும் கிடைக்காது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ நொதி பாதியாகக் குறைந்திருந்தும் எண் 80 என்றே வரும். 'இயல்பு' என்று சீட்டு எழுதிவிடுவோம்!

இது ஏட்டுச் சந்தேகம் அன்று. கோயம்புத்தூரில் வாழும் வைசிய சமூகத்தாரை இந்திரா மனோகரன், ஆர். பூபதி முதலியோர் ஒக்சானா லாக்ரிட்ஜுடன் சேர்ந்து ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். அங்கே ஏறத்தாழ 24 பேருக்கு ஒருவரிடம் நொதியின் செயல் அறவே இல்லை. ஐரோப்பிய, அமெரிக்க மக்களில் இது லட்சத்தில் ஒருவர் அளவே. நொதியின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் அமைந்ததே காரணம்.

ஜார்ஜ் டவுனிலும் அச்சமூகத்தார் தலைமுறைகளாக வாழ்கின்றனர். கொருக்குப்பேட்டைக்கு அது தொலைவா?

மரபணுவைப் படித்தால் போதுமே என்பீர்கள். தேடும் மாற்றத்தை மட்டும் காட்டும் சோதனையில் வேறு மாற்றம் தப்பிவிடும். ஆகவே முதலில் நொதியின் செயலை அளக்க வேண்டும், பிறகு எண், அதன்பின் மரபணு. ஒருவரிடம் குறை கண்டால் உடன்பிறந்தாரையும் சோதிக்க வேண்டும்.

சாதிப் பெயரைக் கேட்டே முடிவு கட்டுவதும் பிழை. இது நோயும் அன்று; இந்நொதி இல்லாதவர்கள் அன்றாட வாழ்வில் நலமாகவே இருக்கிறார்கள். அறுவை மேசையில் மட்டும், மருத்துவரிடம் அவர்கள் காட்டும் ஒரு சிறு அட்டை உயிர் காக்கும்.