புதுப் பவளத் தொட்டிக்குப் பாதி வெளிச்சம்: பிரைம் 16எச்டி விமர்சனம்

அக்வாஇல்லுமினேஷன் நிறுவனத்தின் பிரைம் 16எச்டி உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய விளக்கு. பதினாறு எல்இடி, உச்சத்தில் 59 வாட், சூட்டைத் தணிக்க உள்ளே ஒரு சின்ன விசிறி. கடைகளில் ‘ஏஐ பிரைம்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். செயற்கை நுண்ணறிவு எதுவும் உள்ளே இல்லை, பயப்பட வேண்டாம். சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் புதிதாகத் தொடங்கிய இரண்டடி உப்புநீர்த் தொட்டிக்கு மேலே, நீர்மட்டத்திலிருந்து எட்டு அங்குல உயரத்தில் இதை மாட்டினேன். இந்த அளவுத் தொட்டிக்கு இதன் பலம் தாராளம். புதுத் தொட்டியில் இதை எவ்வளவு தூரம் அடக்கி வைக்க முடிகிறது என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

அடக்கி வைப்பது முதல் நாளிலேயே தொடங்குகிறது. பாறையும் மணலும் உப்புநீரும் இட்ட தொட்டியில், அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா முதலில் குடியேற வேண்டும். அவற்றுக்கு வெளிச்சம் தேவையே இல்லை. புது விளக்கு வாங்கிய ஆசையில் அந்த வாரங்களில் எரியவிட்டால் கொழிப்பது பாசிதான். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து, முதல் பவளத் துண்டு தண்ணீரில் இறங்கும்வரை விளக்கு அணைந்தே இருக்கலாம்.

அதன் பிறகுதான் விளக்கை இயக்கும் மோபியஸ் செயலி. புளூடூத் வழியாக விளக்கைப் பிடித்துக்கொள்கிறது. திரையில் ஒரு வரைபடம்: கிடைக்கோட்டில் நேரம், நெடுக்கில் பிரகாசம். புள்ளிகளை வைத்தால் இடைப்பட்ட ஏற்ற இறக்கத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். புற ஊதா, ஊதா, இரண்டு நீலங்கள், பச்சை, சிவப்பு, வெள்ளை என ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்லைடர். இவ்வளவும் கையில் கிடைத்தால் யாருக்கும் விரல் சும்மா இருக்காது.

நான் வைத்த அட்டவணை மிக எளிது. பகல் 1 மணிக்கு நீலம் மட்டும் மெல்ல எழும். 3 மணிக்கு உச்சம். இரவு 8 வரை அப்படியே நின்று, 10 மணிக்கு முழுதும் அணையும். மொத்தம் ஒன்பது மணி நேரம். முழு வீச்சு ஐந்தே மணி நேரம். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த ஊரில் வெயில் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை பன்னிரண்டு மணி நேரம் அடிக்கிறதே, தொட்டிக்கு ஏன் கஞ்சத்தனம் என்று கேட்கலாம். சூரியனும் பன்னிரண்டு மணி நேரமும் உச்சியில் நிற்பதில்லை. அதோடு கடலில் பாசியை மேய ஆயிரம் வாய் உண்டு. புதுத் தொட்டியில் நாலைந்து நத்தைகள். தொடக்க நேரத்தைப் பகலுக்குத் தள்ளியது முழுக்க என் வசதிக்காக. வேலை முடிந்து வரும்போது தொட்டி இருண்டு கிடந்தால் பார்க்க என்ன இருக்கிறது? தினமும் ஒரே நேரத்தில் விடிந்தால் பவளத்துக்குப் போதும். ஆனால் சன்னல் வெயில் தொட்டியில் விழாமல் திரை போட வேண்டும்; இல்லையென்றால் அட்டவணைக்கு அர்த்தமில்லை.

நிறங்களில் நீலமும் ஊதாவும் 60 சதவீதம், வெள்ளை 10, சிவப்பும் பச்சையும் பெயருக்கு 2. கடல்நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும், நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி அந்த நீலத்தில் உணவு சமைத்துப் பழகியது. அதற்கு மேல் நாம் செய்யும் நிறக்கலவை பெரும்பாலும் நம் கண்ணுக்கான அலங்காரம். அலங்காரத்தை நான் குறை சொல்லவில்லை. ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்துதான் ஆய்வகங்களில் இன்று புழங்கும் சிவப்பு ஒளிர்புரதம் கிடைத்தது. 1999-இல் அந்த ஆய்வு வெளியானது. தொடக்கக்காரர்கள் முதலில் வாங்கும் மலிவுப் பவளங்களில் இதுவும் ஒன்று.

‘60 சதவீதம்’ என்றால் எவ்வளவு வெளிச்சம் என்று செயலி சொல்லாது. இந்த விளக்கில் ஒரு நிறத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மின்சாரத்தை இன்னொன்றுக்குத் திருப்பி நூறைத் தாண்டவும் ஓட்டலாம், ஆகவே அந்த எண்ணை நம்பிப் பயனில்லை. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் ஒளியை அளக்கும் ‘பார்’ மீட்டர்தான் கணக்கு. அபோஜி எம்க்யூ-510 ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். அதே நிறுவனத்தின் பழைய மீட்டர்கள் நீல எல்இடியைக் குறைத்துக் காட்டும், இரவல் வாங்கும்போது கவனியுங்கள். பாறை உச்சியில் 180-ஐ ஒட்டி, நடு மணலில் 80, மூலையில் 40-கூட இல்லை. மென்பவளங்களுக்கு 50 முதல் 100 தாராளம். கிளைவிடும் கடினப் பவளங்கள் 200-க்கு மேல் கேட்கும். புதுத் தொட்டியில் அவற்றுக்கு வேலையில்லை.

காசு கொடுத்ததற்கு நியாயம் செய்வது அக்ளிமேஷன் என்ற ஒரே வசதி. எத்தனை சதவீதத்தில் தொடங்கி, எத்தனை நாளில் முழு அட்டவணைக்கு வர வேண்டும் என்று இரண்டு எண்கள் கொடுத்தால் போதும். பாதியில் தொடங்கி ஆறு வாரத்தில் ஏறும்படி வைத்தேன். கையால் ஏற்றினால் நமக்குப் பொறுமை இருக்காது. திடீரென்று வெளிச்சம் கூடினால் பவளம் தன் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். குறைவாக இருந்தால் பழுப்பேறும், அவ்வளவுதான். பழுப்பிலிருந்து மீள்வது எளிது, வெளுத்ததிலிருந்து மீள்வது கடினம்.

இடையில் மணலில் பழுப்புத் தூள் படியும். அது டயட்டம், நீரிலும் மணலிலும் உள்ள சிலிகேட்டைத் தின்று தீர்த்துப் போய்விடும், அட்டவணையைத் தொடாதீர்கள். வெள்ளையைக் குறைத்தால் பச்சைப் பாசி வராது என்பார்கள். பச்சையம் நீலத்தையும் நன்றாகவே உறிஞ்சும். பாசி மிஞ்சினால் நேரத்தைக் குறையுங்கள், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாருங்கள்.

நிலவொளியும் உண்டு, பிறை வளர்வதும் தேய்வதும் போலத் தானே மாறும். சிங்கப்பூர்க் கடலில் ஏப்ரல் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் பவளங்கள் கூட்டமாக முட்டையும் விந்தும் வெளியிடுவது உண்மைதான். நாலு காளான் பவளத்துக்கு அது தேவையில்லை என்று அணைத்துவிட்டேன்.

ஒரே இடத்திலிருந்து ஒளி வருவதால் பாறை மடிப்புகளில் நிழல் கறுப்பாக விழுகிறது. இரண்டடிச் சதுரத்தைத் தாண்டிய தொட்டி என்றால் இரண்டு விளக்கு வாங்குங்கள். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, வீட்டில் வைக்கக்கூடாது. மீனும் பாறையும் மட்டும் உள்ள தொட்டிக்கு இவ்வளவு விலை கொடுப்பது வீண். ஒரு சாதாரண எல்இடி பட்டையும் டைமரும் போதும்.