கழறலும் கேட்டலும்

ஆண்மகன் தன் மனத்துயரைப் பிறரிடம் சொல்ல நாணுவது தமிழ்ப் பண்பாட்டின் இயல்பு எனக் கூறப்படுவதுண்டு. தொல்காப்பியக் களவியல் பெருமையையும் உரனையும் ஆடவர்க்கும், அச்சத்தையும் நாணத்தையும் பெண்டிர்க்கும் உரியனவாக வகுத்திருப்பது இக்கூற்றுக்குச் சான்றாகக் காட்டப்படும். ஆயின் அகத்திணை மரபை முழுமையாக நோக்குமிடத்து இம்முடிவு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

அகமரபில் பாங்கற்கூட்டம் என்றொரு பகுதி உண்டு. காதல் நோயால் நிலைகுலைந்த தலைவன் தன் துயரைத் தோழனாகிய பாங்கனிடம் உரைக்கிறான். இத்தளர்ச்சி நின் பெருமைக்குத் தகாது எனப் பாங்கன் இடித்துரைப்பது கழறல். தலைவன் அதனை மறுத்துத் தன் நிலையை விளக்குவது கழற்றெதிர்மறை. குறுந்தொகையின் 58ஆம் பாடல் இத்துறையைச் சார்ந்தது. வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. அதனைக் காக்க அமர்ந்தவனோ கையில்லாத ஊமை. தடுக்கக் கையின்றி, பிறரை அழைக்கக் குரலுமின்றி, கண்ணால் மட்டும் காக்கிறான். தன் அழிவைத் தானே பார்த்திருக்கும் ஆடவனின் நிலையை இவ்வுவமையினும் செறிவாக உரைத்தல் அரிது. இதனைப் பாடியவர் வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர் என்பதும் கருதத்தக்கது.

மரபு கழறலோடு முடிந்துவிடுவதில்லை. பாங்கன் ஈற்றில் உடன்பட்டு, தலைவன் குறித்த இடத்துக்குத் தானே சென்று ஆவன செய்கிறான். எனவே அகத்தலைவன் வாய்திறந்தமைக்குக் காரணம், இடித்துரைத்த பின்னரும் கேட்பதற்கு ஒருவன் இருந்தமையே எனலாம். அப்பாங்கன் வாய்த்ததும் தலைவனின் சமூக உயர்வினாலேயே என்பதை மறத்தலாகாது.

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியின் கடைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து, இரவில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள வாடகை அறைக்குத் திரும்பும் இளைஞனுக்குப் பாங்கன் யார்? தலையிடி என்றும் நித்திரை இல்லை என்றும் அவன் மருந்து கேட்பான். மனச்சோர்வு என்று சொல்லான். சொல்லின், ஆம்பிளையாக இரு என்பதே முதல் மறுமொழியாகும். அங்கொடை மருத்துவமனை தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாறிய பின்னரும், அவ்வூர்ப் பெயர் பேச்சு வழக்கில் ஏளனச் சொல்லாகவே நிலவுகிறது. கழறல் தொடர்கிறது, கேட்டல் நின்றுவிட்டது.

இதன் விளைவு அற்பமானதன்று. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். பின்னர் அவ்வீதம் பெரிதும் குறைந்தது. நச்சுமிகுந்த பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டமையே அதற்குத் தலையாய காரணமென ஆய்வாளர் கொள்வர். ஆண்கள் மனந்திறந்ததனால் நேர்ந்த குறைவு அதுவென்று கொள்ள இடமில்லை. இறப்போருள் ஆண்கள் இன்றும் பெண்களினும் மும்மடங்குக்கு மேற்பட்டோர். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. சமூகத்தின் நா அவ்வளவு விரைவில் மாறவில்லை.

கொள்ளுப்பிட்டிக்கு அயலிலுள்ள ஹோட்டன் பிளேசில், 1974இல் தோன்றிய சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள், வருவோர்க்குத் தீர்ப்புரைக்காது செவிசாய்க்கின்றனர். பாங்கன் ஈற்றில் ஆற்றிய பணியை நகரம் இன்று முன்பின் அறியாதோரிடம் ஒப்படைத்துள்ளது. அது மருத்துவத்துக்கு மாற்றாகாது. ஆயினும் மருத்துவரிடம் செல்லும் துணிவு பெரும்பாலும் இத்தகைய கேட்டலிலிருந்தே பிறக்கும்.

ஆண்கள் வாய்திறக்க வேண்டும் என்னும் அறிவுரை இன்று பரவலாக ஒலிக்கிறது. கேட்பாரில்லாத இடத்தில் அதுவும் ஒரு கழறலே. பாறையருகே இருப்பவனைக் குறைகூறுவதால் வெண்ணெய் உருகாது நின்றுவிடுவதில்லை. கையுடைய ஒருவர் அங்கு சென்றாக வேண்டும்.