ஒற்றை ஸ்டம்பு

ரங்கிரி தம்புள்ளை மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள், நாணயச் சுழற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். களத்தடுப்பை நிதானமாக ரசிக்க அந்தப் பயிற்சி வேளையை விட்டால் வேறு நேரம் கிடையாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் நம் கண் துடுப்பின் மேலேயே இருக்கும்.

பல பயிற்சிகளில் ஒரே ஒரு ஸ்டம்பைத்தான் நட்டிருப்பார்கள். விக்கெட்டின் அகலம் 9 அங்குலம் என்பதெல்லாம் பந்துவீச்சாளரின் கணக்கு. பொயின்ட் திசையில் நிற்பவருக்கு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து, 28 அங்குல உயரத்தில் ஒற்றைக் கம்பாகத்தான் தெரியும். அதன் தடிப்பு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாது. ஓடிவந்து குனிந்து நிமிர்ந்த கையோடு அதை அடிக்க வேண்டும்!

வலக்கைக்காரர் ஒருவரின் காலை மட்டும் பாருங்கள். பயிற்சியாளர் தட்டிவிட்ட பந்து தரையோடு வருகிறது. அவர் அதற்காகக் காத்து நிற்பதில்லை, எதிர்கொண்டு ஓடுகிறார். வலது பாதம் பந்தின் பக்கத்தில் ஊன்றும்போதே கை அதை அள்ளிவிடுகிறது. அடுத்து ஒரு சின்னத் துள்ளல். அதற்குள் இடுப்பு பக்கவாட்டில் திரும்பி, இடது தோள் ஸ்டம்பை நோக்கிவிடுகிறது. அதே துள்ளலில் விரல்கள் பந்தை உருட்டி, தையலுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிடித்தால்தான் பந்து காற்றில் விலகாமல் நேராகப் போகும். விரல் தையலைத் தேடுகிறபோது கண் பந்தைப் பார்ப்பதே இல்லை. எனக்கு மொத்த அழகும் அங்கேதான்.

1992 உலகக் கிண்ணத்தில், பிரிஸ்பேனில், ஜொன்டி ரோட்ஸ் பாய்ந்து இன்சமாமை ஆட்டமிழக்கச் செய்த படத்தை எல்லோரும் கொண்டாடுகிறோம். அதில் எறியே இல்லை. பந்தும் ஆளுமாக விக்கெட்டில் போய் விழுந்தார். பாய்ச்சல் படத்துக்கு நன்றாக இருக்கும். மஹேல ஜயவர்தன பதறாமல் நின்று எறிந்த எறிதான் என் ரசனைக்கு ஒரு படி மேல்.

2024 ஜூலை 28இல் மகளிர் ஆசியக் கிண்ண இறுதியில் இலங்கை இந்தியாவை வென்றதும் இதே தம்புள்ளையில்தான். ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் எடுத்த 69 ஓட்டங்கள் புள்ளி அட்டையில் இருக்கின்றன. களத்தில் தடுத்த ஓட்டங்களுக்கு அந்த அட்டையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஆகவே அடுத்த முறை போனால், எறிபவருக்கு நேர் எதிரே, ஸ்டம்புக்கு அப்பால் ஓடிவந்து நிற்கும் இன்னொருவரையும் கவனியுங்கள். எறி தவறினால் பந்தை மறிக்க வந்தவர் அவர். தவறாவிட்டால் அவருக்கு வேலையே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஓடி வருவார். ஒரு கைதட்டலை அவருக்கும் கொடுங்கள்.